பொத்தான் இல்லாத துப்பாக்கி

கேள்வி: வீட்டுக் கணினியில் மேம் எமுலேட்டரில் (பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) ரோபோட்ரான் 2084 என்ற சுடும் ஆட்டத்தை ஆடுகிறேன். நடக்க டபிள்யூ‑ஏ‑எஸ்‑டி விசைகள், சுட அம்புக்குறிகள். குறுக்காக ஓடிக்கொண்டே குறுக்காகச் சுட்டால் ஆள் அப்படியே நின்றுவிடுகிறான். ஏன்?

பதில்: குற்றம் விசைப்பலகையில். 1982இல் வந்த அந்த ஆர்கேட் இயந்திரத்தில் சுடும் பொத்தானே கிடையாது. ஒரு ஜாய்ஸ்டிக் நடக்க, இன்னொன்று சுட. நீங்கள் சொல்கிறபடி ஆட ஒரே நேரத்தில் 4 விசைகள் அழுத்தவேண்டும். மலிவான விசைப்பலகைகளில் சில கூட்டுகளுக்கு மூன்றாவது விசையே பதிவாகாது. இரட்டைக் குச்சி உள்ள கேம்பேட் வாங்குங்கள். ஆட்டம் ஓடும்போது டேப் அழுத்தி, உள்ளீட்டுப் பட்டியலில் 'இந்த சிஸ்டம்' (பழைய பதிப்புகளில் 'இந்த இயந்திரம்') என்பதைத் தேர்ந்து, சுடும் நான்கு திசைகளுக்கும் வலது குச்சியைக் கொடுங்கள். பொதுப் பட்டியலில் மாற்றினால் மற்ற ஆட்டங்களும் குழம்பும்.

கேள்வி: டெம்பெஸ்டுக்கும் அதே கேம்பேட் போதுமா?

பதில்: போதாது. 1981இன் டெம்பெஸ்ட், பாதைகளாகப் பிரிந்த குழாயின் விளிம்பில் நகர்ந்து சுடும் ஆர்கேட் ஆட்டம். அதில் இருந்தது முடிவில்லாமல் சுழலும் குமிழ். சட்டென்று திருகினால் விளிம்பில் பாதி வட்டம் தாவிவிடலாம். குச்சியில் அந்த வேகம் வராது. சாதாரண மௌஸே நல்ல மாற்று. மேமின் அமைப்புக் கோப்பில் மௌஸ் என்ற வரியில் 0 இருக்கும், 1 ஆக்குங்கள். இதை மறந்துவிட்டு மௌஸைக் குறைசொல்பவர்கள் அதிகம்! பிறகு டேப் பட்டியலின் அனலாக் பகுதியில் உணர்திறனைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். லேசாக நகர்த்தும்போதே இரண்டு பாதை தாண்டினால் குறையுங்கள். திசை தலைகீழாக இருந்தால் அதே பட்டியலில் 'ரிவர்ஸ்' இருக்கிறது.