எதிர்பார்க்காத பேரழிவுக்கு அணுமின் நிலையத்தை தயார் பண்ண முடியுமா?

முடியும்ங்க, ஆனா எவ்ளோ பெரிய அலை வரும், எவ்ளோ மழை கொட்டும்னு கணக்கு போடறதோட நிறுத்தக்கூடாது, அந்தக் கணக்கு தப்பிப்போனா கையில என்ன மிஞ்சும்னு பாக்கணும். நான் மும்பைல டீசல் ஜெனரேட்டர் சர்வீஸ் பண்றவன், செம்பூர்ல வீடு, அதனால என் கண்ணு முதல்ல பேக்கப் எங்க இருக்குங்கறதுலதான் போகும்.

ரியாக்டரை, அதாவது அணு உலையை, நிறுத்திட்டா முடிஞ்சுதுன்னு நெறைய பேர் நினைக்கிறாங்க. நிறுத்தின நிமிஷத்துலயும் முழு வெப்பத்துல 6-7 சதவீதம் வந்துட்டுதான் இருக்கும், போகப்போக குறையும், ஆனா நாள்கணக்கா குளிர வெச்சுட்டே இருக்கணும், அதுக்கு பம்ப் ஓட கரண்ட் வேணும். ஜப்பானோட ஃபுகுஷிமா அணுமின் நிலையத்துல 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துல, இருந்த 6 யூனிட்ல ஓடிட்டிருந்த 3 ரியாக்டரும் தானா நின்னுடுச்சு, ஜெனரேட்டரும் ஸ்டார்ட் ஆச்சு, அதுவரைக்கும் எல்லாம் சரி. சுனாமி 5.7 மீட்டர்னு கணக்கு, வந்தது 13 மீட்டருக்கு மேல. அதைவிட பெரிய தப்பு ஜெனரேட்டர், கரண்டை பிரிச்சு அனுப்பற சுவிட்ச்கியர், பேட்டரின்னு முக்காவாசிய பேஸ்மெண்ட்லயே வெச்சது, எத்தனை இருந்து என்ன, ஒரே தண்ணில எல்லாம் போச்சு. 6வது யூனிட்டோட ஏர் கூல்டு (காத்துலயே குளிரற) ஜெனரேட்டர் ஒண்ணு மட்டும் தொடர்ந்து ஓடுச்சு, அது தனி கட்டடத்துல, கொஞ்சம் உசரத்துல இருந்துச்சு, 5வது 6வது யூனிட் ரெண்டையும் காப்பாத்தினது அதுதான்!

இங்க 2005 ஜூலை 26 ஞாபகம் இருக்கும். சாந்தாக்ரூஸ்ல 944 மி.மீ., அதே ஊர்ல கொலாபால 100 கூட இல்ல, யாரு கணிச்சிருப்பா? தண்ணில மூழ்கின ஆல்டர்நேட்டரை (ஜெனரேட்டர்ல கரண்ட் உண்டாக்கற பாகம்) பிரிச்சா வைண்டிங் கம்பிச்சுருள் இடுக்கெல்லாம் சேறு அப்பியிருக்கும், அதை கழுவி காய வெச்சு மறுபடி ஓட்ட நாளாகும், ரியாக்டர் அவ்ளோ நேரம் காத்திருக்காது.

நம்ம நாட்டுலயே உத்தரப்பிரதேசத்துல நரோரா அணுமின் நிலையம் இருக்கு. 1993 மார்ச் 31, நீராவில சுத்தற டர்பைனோட பிளேடு உடைஞ்சு தீப்பிடிச்சுது, மெயின் கேபிளும் பேக்கப் கேபிளும் சரியா பிரிக்காம போட்டிருந்ததால சேந்தே எரிஞ்சு 17 மணி நேரம் சுத்தமா கரண்ட் இல்ல. தீயணைக்க வெச்சிருந்த டீசல் பம்பை ஓட்டித்தான் ரியாக்டரை குளிர வெச்சாங்க, சில பேர் டார்ச்சோட மேல ஏறி கையால வால்வை திறந்து, அணுவினை மறுபடி தொடங்காம தடுக்கற போரான் கரைசலை உள்ள விட்டாங்க. அந்த மனுஷங்கள நினைச்சா இன்னிக்கும் மரியாதையா இருக்கு.

கூடங்குளத்துல கரண்டே இல்லாம காத்தோட்டத்துலயே வெப்பத்தை வெளியேத்தற ஏற்பாடு இருக்கு, அது நல்ல விஷயம், அதுக்காக ஆளுங்கள மறந்துடக்கூடாது. லைட்டெல்லாம் அணைச்சுட்டு, போனும் வேலை செய்யலைன்னு வெச்சுகிட்டு ட்ரில் நடத்தணும், சுத்தி இருக்கற ஊர்க்காரங்களையும் சேத்துகிட்டு.