அண்ணாந்து பார்க்கும் காடு

கேள்வி: மழைக்காட்டை நேரில் கண்டிராத என் மாணவர்களுக்கு, அதைப் பற்றிய வி.ஆர். படம் (ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டி, அந்த இடத்திலேயே நிற்பதுபோல் சுற்றிலும் பார்க்கும் மெய்நிகர் படம்) ஒன்றைக் காட்ட எண்ணுகிறேன். பத்து நிமிடப் படத்தால் காட்டைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் பிறக்குமா?
– ஓர் ஆசிரியை

பதில்: பிறக்கும். அது நிலைப்பதோ, ஹெட்செட்டைக் கழற்றியவுடன் நீங்கள் மாணவர்களின் கையில் எந்த வேலையைக் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

சாதாரணத் திரையில் மரத்தின் உயரம் ஓர் எண்ணாகவே நின்றுவிடுகிறது. மெய்நிகர் படத்திலோ, பலகைபோல் விரிந்த வேர்களுக்கு நடுவே நிற்கும் மாணவி, 60 மீட்டர் வரை வளரக்கூடிய அமேசான் இலவ மரத்தின் உச்சியைத் தேடிக் கழுத்தை முழுதாக அண்ணாந்தே ஆக வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஒரு பறவை கத்தினால், அவளாகவே திரும்பிப் பார்க்கிறாள். 2017ஆம் ஆண்டு அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்ட ஒரு படைப்பில், பார்ப்பவரே மழைக்காட்டு மரமாகிவிடுகிறார். உடல் அடிமரமாகவும் கைகள் கிளைகளாகவும் மாறுகின்றன.

ஜெரமி பெய்லன்சன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே முக்கியமானது. அதில் சிலர், கையில் அதிரும் கருவியைப் பிடித்தபடி, மெய்நிகர் காட்டில் ரெட்வுட் மரம் ஒன்றை அறுத்துச் சாய்த்தார்கள். வேறு சிலர் அதே நிகழ்வை எழுத்தில் படித்தார்கள். பிறகு சிந்திய நீரைத் துடைக்கும்போது, மரத்தை அறுத்தவர்கள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவான காகிதத்தையே பயன்படுத்தினார்கள். மனம் நெகிழ்ந்திருந்த அந்த வேளையில், அவர்கள் செய்யக்கூடிய ஒரு செயல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்பதை நான் மிகவும் பொருட்படுத்துகிறேன். ஆகவே படம் முடிந்ததும் கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். அமேசான் காடு பெரும்பாலும் மாட்டுப் பண்ணைகளுக்காகவும், இந்தோனேசியக் காடுகளில் ஒரு பகுதி பாமாயில் தோட்டங்களுக்காகவும் அழிக்கப்பட்டதைச் சொல்லி, பிஸ்கட், சோப்பு உறைகளில் பாமாயிலைத் தேடச் செய்யுங்கள். காட்டிலேயே வாழும் பழங்குடி மக்கள் தங்கள் குரலில் பேசும் படமாகத் தேர்ந்தெடுங்கள். பிரேசிலில் அவர்களுடைய நிலங்களில் காடழிப்பு மிகக் குறைவு.

கேள்வி: இத்தகைய படங்களைப் பார்க்கும்போது சிலருக்குத் தலைசுற்றுவது ஏன்?

பதில்: ‘உடல் நகர்கிறது’ என்கிறது கண்; ‘அசையவில்லை’ என்கிறது, உடலின் அசைவை உணரும் உட்காது. இந்த முரண்தான் காரணம். கேமரா ஓரிடத்தில் நிலையாக நிற்கும் படங்களைச் சுழல் நாற்காலியில் அமர்ந்து பார்க்கச் செய்யுங்கள். இலைகளுக்கிடையே ஒளிந்திருக்கும் தவளையைக் கண்டுபிடிக்கவும் அப்போதுதான் அவகாசம் கிடைக்கும்.