பத்து கராஸில் மனை வாங்கலாமா?

மேற்கு ஜாவாவின் தென்கரையில், பங்கந்தாரன் மாவட்டத்தில், சிஜூலாங் வட்டாரத்தைச் சேர்ந்த மீனவக் கிராமம் பத்து கராஸ். (பத்து மலையில் வருகிற அதே 'பத்து'தான், கல் என்று பொருள்.) அலைச்சறுக்கு விளையாட வருகிறவர்களால் வெளியூருக்குத் தெரியவந்த ஊர். அங்கே குடியிருப்பது பற்றியும் மனை, வீடு பற்றியும் வாசகர்கள் கேட்டவற்றுக்கு இம்மாதம் பதில் சொல்கிறோம்.

கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் 30 பாத்தா மனை விலைக்கு வந்திருக்கிறது. உள்ளூர் நண்பர் தன் பெயரில் பதிவு செய்துகொண்டு எனக்குத் தனி ஒப்பந்தம் எழுதித் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா? – வாசகி, சிங்கப்பூர்

வேண்டாம். இந்த வழியை அடியோடு விட்டுவிடுங்கள். 'ஹக் மிலிக்' எனப்படும் முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே என்கிறது 1960-ஆம் ஆண்டின் அடிப்படை நிலச் சட்டம். நேராகவோ சுற்றிவளைத்தோ அந்த உரிமையை வெளிநாட்டவர் கையில் சேர்க்கும் எந்த ஏற்பாடும் செல்லாது என்பது அதன் 26-ஆம் பிரிவு. நிலம் அரசுக்குப் போய்விடும், கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்க முடியாது.

தனி ஒப்பந்தம், கடன் பத்திரம், அதிகாரப் பத்திரம் மூன்றையும் சேர்த்துக் கட்டி, 'எல்லாம் பக்கா' என்று காட்டுவார்கள். வழக்கு வந்தால் அந்தக் காகிதங்களே உங்களுக்கு எதிரான சாட்சி. நண்பர் தங்கமானவராகவே இருக்கட்டும். நாளை அவர் இல்லாமல் போனால் வாரிசுகள் வருவார்கள், மணமுறிவு என்றால் மனைவி பங்கு கேட்பார், கடன்பட்டால் வங்கி வரும். இவர்களில் யாரும் உங்களுக்கு வாக்குக் கொடுத்தவர்கள் இல்லை.

வெளிநாட்டவருக்குச் சட்டம் திறந்துவைத்திருக்கும் கதவுகளில் ஒன்று 'ஹக் பகாய்' என்ற பயன்பாட்டு உரிமை. அரசு நிலத்தில் 30 ஆண்டு, நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30. ஆனால் வெளிநாட்டவர் இப்படி வாங்கும் வீட்டுக்கு மாகாணவாரியாகக் குறைந்தபட்ச விலை வைத்திருக்கிறார்கள். ஜாவாவில் அது நூறு கோடி ரூப்பியாக்களில் பேசப்படும் தொகை என்பதால் கிராமத்துச் சின்ன வீடு அந்த வரம்பை எட்டாது. உங்களுக்குப் பொருந்துவது குத்தகைதான். அது அடுத்த பதிலில்.

அளவு பற்றி ஒரு சொல்: பாத்தா என்பது 3.75 மீட்டர் பக்கமுள்ள சதுரம், ஏறக்குறைய 14 சதுர மீட்டர். 30 பாத்தா என்றால் 420 சதுர மீட்டர் வர வேண்டும். வாய்க்கணக்கை நம்பாமல், சான்றிதழில் சதுர மீட்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். விலை பேசும்போதும் கவனம் தேவை: 'ஜூத்தா' என்றால் பத்து லட்சம், 'மிலியார்' என்றால் நூறு கோடி.

25 ஆண்டுக் குத்தகை எடுக்கலாம் என்கிறார்கள். ஒப்பந்தத்தில் எதெல்லாம் இருக்க வேண்டும்? – வாசகர், கிள்ளான்

முதலில் நில உரிமையாளர் யார் என்பது உறுதியாக வேண்டும். 'செர்திஃபிகாத் ஹக் மிலிக்' என்ற சான்றிதழின் மூலத்தைப் பாருங்கள், நகலோடு திருப்தி அடையாதீர்கள். பிறகு நோத்தாரிஸ் (ஆவணம் எழுதிச் சான்றளிக்கும் சட்ட அதிகாரி) வழியாக நில அலுவலகத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு கேளுங்கள். கட்டணம் 50,000 ரூப்பியாதான். வங்கியில் அடமானம் இருக்கிறதா, நீதிமன்றப் பறிமுதல் உண்டா, யாராவது தடை போட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். இந்தச் சிறு செலவை மிச்சப்படுத்தப் போய் முன்பணத்தை இழந்தவர்கள் உண்டு.

கையெழுத்து விஷயத்தில் கறாராக இருங்கள். திருமணத்துக்குப் பின் வாங்கிய சொத்து கணவன் மனைவி இருவருக்கும் பொது, ஆகவே இருவரும் கையெழுத்திட வேண்டும். சான்றிதழில் உள்ளவர் காலமாகிவிட்டார் என்றால் வாரிசுச் சான்று வாங்கி, அத்தனை வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும். ஜகார்த்தாவில் வேலை பார்க்கும் கடைசித் தங்கையின் கையெழுத்து மட்டும் 'அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்' என்பார்கள். அந்தக் கையெழுத்து வரும்வரை பணம் நகரக் கூடாது.

நிலத்தை விற்றாலும் குத்தகை முறியாது என்கிறது சிவில் சட்டத்தின் 1576-ஆம் பிரிவு. ஒரு தரப்பு இறந்தாலும் முடியாது என்கிறது 1575. ஆனாலும் இவ்விரண்டையும் ஒப்பந்தத்தில் எழுத்தாகவே போட்டுவிடுங்கள், கிராமத்தில் சட்டப்புத்தகத்தைவிடக் கையிலுள்ள காகிதம் பேசும். நீட்டிப்பு விலை எப்படிக் கணக்கிடப்படும் என்பது இன்னொன்று. 'அன்றைய சந்தை விலை' என்று மட்டும் எழுதினால் 25-ஆம் ஆண்டில் சண்டை நிச்சயம், யார் மதிப்பிடுவது என்பதும் எழுதப்பட வேண்டும். நீங்கள் கட்டிய வீடு முடிவில் யாருக்கு, உள்குத்தகைக்கு விட அனுமதி உண்டா, பாதை யாருடைய நிலத்தில் போகிறது என்பவற்றையும் சேருங்கள். குத்தகைத் தொகைக்கு 10 சதவீத வருமான வரி உண்டு. சட்டப்படி அது நில உரிமையாளரின் வருமானத்துக்கான வரி. நடைமுறையில் பேரம் பேசி ஒருவர் தலையில் விழும், யார் தலை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லைக் கல்லை நேரில் நடந்து பாருங்கள், பக்கத்து நிலத்துக்காரர்களும் உடன் வரட்டும். நிலத்தில் தென்னை நின்றால் பாளை சீவுவது யார் என்று கேளுங்கள். நீரா இறக்கி வெல்லம் காய்ச்சுவது இந்தக் கரையின் பழைய தொழில். காலையும் மாலையும் மரம் ஏற வருகிறவருக்கு உரிமையாளரோடு ஏதாவது ஏற்பாடு இருக்கும். அவரைக் கேட்காமல் மரத்தை வெட்டினால், ஊரில் முதல் நாளே கெட்ட பெயர்.

நான் மேடானில் பிறந்து வளர்ந்த இந்தோனேசியக் குடிமகன். என் பெயரில் வாங்கத் தடை இல்லையே? 'லெட்டர் சி' நிலம் பாதி விலைக்குக் கிடைக்கிறது. – வாசகர், மேடான்

ஹக் மிலிக் வாங்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் 'லெட்டர் சி', 'கிரிக்' இரண்டும் உரிமைச் சான்று அல்ல, பழைய கிராம வரிப் பதிவு மட்டுமே. இப்படிப்பட்ட பழைய காகிதங்களைப் பதிவு செய்ய 2021-ஆம் ஆண்டின் 18-ஆம் அரசு ஒழுங்குவிதி ஐந்தாண்டுக் கெடு வைத்தது. அந்தக் கெடு நாள் 2026 பிப்ரவரி 2. அதற்குப் பின் அவை உரிமைக்கு ஆதாரம் ஆகாது, ஒரு தடயம் மட்டுமே. பாதி விலைக்குக் காரணம் இதுதான். விற்பவரையே அவர் செலவில் சான்றிதழ் எடுத்துத் தரச் சொல்லுங்கள். சிறு முன்பணம் போதும், மீதி சான்றிதழ் வந்த பிறகு.

நிலத்தின் வகையையும் பாருங்கள். வயலாக இருந்தால் 1961-ஆம் ஆண்டின் விதி குறுக்கே வரும்: விவசாய நிலத்தின் உரிமையாளர் அதே வட்டாரத்தில் குடியிருக்க வேண்டும். மேடானில் இருந்துகொண்டு சிஜூலாங்கில் வயல் வைத்திருக்க முடியாது. கிராமப் பொதுநிலம், வனத்துறை நிலம் ஆகியவற்றைக் 'காலங்காலமாக நாங்கள்தான் பயிர் செய்கிறோம்' என்று சொல்லி விற்கப் பார்ப்பதும் உண்டு. தொடாதீர்கள்.

எல்லாம் சரி என்றால் பத்திர அதிகாரி முன் விற்பனை ஆவணம். கையெழுத்தான 7 வேலை நாளுக்குள் அவர் அதை நில அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். விற்பவருக்கு 2.5 சதவீத வருமான வரி, உங்களுக்கு வரிவிலக்குத் தொகை போக 5 சதவீத உரிமை மாற்று வரி. பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டச் சொல்வார்கள், சம்மதிக்க வேண்டாம்.

என் மனைவி மேற்கு ஜாவாவின் சுந்தானியர், நான் வெளிநாட்டவன். அவர் பெயரில் வாங்கினால் பிரச்சினை வருமா? – வாசகர், ஈப்போ

சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம் இல்லையென்றால் வரும். பொதுச்சொத்தில் உங்களுக்கும் பாதி என்பதால், அவர் ஹக் மிலிக் வைத்திருப்பதே கேள்விக்குள்ளாகும். முன்பு திருமணத்துக்கு முன் மட்டுமே இந்த ஒப்பந்தம் எழுத முடிந்தது. அரசியல் சாசன நீதிமன்றத்தின் 69/2015 வழக்குத் தீர்ப்புக்குப் பின், மணவாழ்க்கையின் எந்தக் கட்டத்திலும் எழுதலாம். நோத்தாரிஸிடம் எழுதி, திருமணப் பதிவில் ஏற்றிய பிறகே மனை பாருங்கள். மனைவிக்குப் பின் நிலம் உங்களுக்கு வந்தால் ஓராண்டுக்குள் கைமாற்றியாக வேண்டும்.

கடலைப் பார்த்த மனைக்கும் உள்தள்ளிய மனைக்கும் விலையில் பெரிய வித்தியாசம். கடலோரம் அவ்வளவு தகுமா? – வாசகி, சென்னை

தகாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. உச்ச வெள்ள அலை தொடும் இடத்திலிருந்து நிலப்பக்கமாகக் குறைந்தது 100 மீட்டர், கடலோரப் பாதுகாப்புப் பட்டை. அங்கே ஏற்கெனவே ஓட்டல் இருக்கிறதே என்பார்கள். இருக்கலாம், அதனால் உங்களுக்குக் கட்டட அனுமதி கிடைத்துவிடாது. அனுமதிக்குமுன் நிலப்பயன்பாட்டு இசைவு வேண்டும். அந்த மனை எந்த மண்டலத்தில் விழுகிறது என்று மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு காரணம் சட்டப்புத்தகத்தில் இல்லை. 2006 ஜூலை 17 பிற்பகலில் இந்தக் கரைக்கு வெளியே 7.7 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. பாறை மெதுவாகப் பிளந்ததால் கரையில் அதிர்வு பலமாகத் தெரியவில்லை, பலர் பொருட்படுத்தவே இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் கடல் ஏறியது. 600-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதனால்தான் அங்கே 20-20-20 என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்: 20 விநாடி ஆட்டம் நீடித்தால், 20 நிமிடத்துக்குள், 20 மீட்டர் உயரத்துக்கு. எவ்வளவு பலமாக ஆடுகிறது என்று பார்க்காதீர்கள், எவ்வளவு நேரம் ஆடுகிறது என்று எண்ணுங்கள். மனை பார்க்கும் நாளிலேயே, வாசலிலிருந்து மேட்டுக்கு ஏறும் பாதையைக் கடிகாரம் வைத்து நடந்து பாருங்கள், இரவில் ஒரு முறையும்.

வீடு கட்டும்போது உப்புக்காற்றுக்கு என்ன செய்வது? தண்ணீர், மின்சாரம் எப்படி? – வாசகர், மதுரை

உப்பு முதலில் கம்பியைத்தான் தின்னும். கடற்கரை மணலைக் கான்கிரீட்டில் சேர்க்கவே கூடாது, ஆற்று மணலோ மலை மணலோ கேளுங்கள். லாரி மணல் வந்து இறங்கும்போது ஒரு சிட்டிகை நாக்கில் வையுங்கள், கரித்தால் திருப்பி அனுப்புங்கள். கலக்கும் தண்ணீருக்கும் இதே சோதனை. கம்பியை மூடும் கான்கிரீட் வெளிப்பக்கத்தில் 5 செ.மீ. இருக்கட்டும். கொத்தனார்கள் 2 செ.மீ. விட்டுப் போவார்கள், சில ஆண்டுகளில் தூண் வெடித்துத் துருக்கோடு தெரியும். கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் கட்டைகளை 5 செ.மீ. கனத்தில் முன்கூட்டியே வார்த்துக் கையில் கொடுத்துவிடுங்கள். கலவையில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றுவது அடுத்த தவறு. ஊற்ற எளிது, உறைந்தபின் நுண்துளை வழியே உப்பு உள்ளே போகும்.

கூரைக்குத் தகரம் வேண்டாம், மண் ஓடு நல்லது. 'பாஜா ரிங்கான்' என்ற இலகு எஃகுச் சட்டம் இப்போது எங்கும் போடுகிறார்கள். வெட்டிய முனைகளிலும் திருகுகளிலும்தான் துரு தொடங்கும், அங்கே பூச்சு அடிக்காமல் விடாதீர்கள். வெளியே தெரியும் திருகுகள் 316 தர ஸ்டெயின்லெஸ் ஆக இருக்கட்டும், 304 இந்தக் காற்றில் புள்ளி விழும்.

கிணற்று நீரை மழைக்காலத்தில் ருசி பார்த்துவிட்டு மனை எடுப்பவர்கள் ஏமாறுகிறார்கள். செப்டம்பர், அக்டோபரில், வறட்சியின் கடைசியில் பாருங்கள். கரையோரத்தில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. ஆழ்துளை போட்டு வேகமாக இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவரும். ஆழமில்லாத கிணறு, சிறிய பம்பு, மேலே தொட்டி, மெதுவான இறைப்பு போதும். கழிவுத்தொட்டி கிணற்றுக்கு 10 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், அண்டை வீட்டாருடையதும்தான். குடிக்க 'காலோன்' எனப்படும் 19 லிட்டர் தண்ணீர்க் கேன் வாங்குவதே வழக்கம்.

மின்சாரத்தில் 1300 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) இணைப்பு 6 ஆம்பியர்தான் தாங்கும். ஏ.சி. ஓடும்போது பம்பு கிளம்பினால் பிரேக்கர் விழும். 2200 வி.ஏ. கேளுங்கள், அது 10 ஆம்பியர். மீட்டரில் 20 இலக்க எண்ணைத் தட்டி முன்பணமாக ஏற்றும் முறை. தீரும் முன் மீட்டர் கூவ ஆரம்பிக்கும், அது பெரும்பாலும் நள்ளிரவாக அமையும், கொஞ்சம் மிச்சம் வைத்தே ஏற்றுங்கள்.

அங்குள்ள மனிதர்களோடு பழகுவது கடினமா? – வாசகி, பினாங்கு

இல்லை, முறை தெரிந்தால் போதும். ஊர் போய்ச் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் 'ஆர்.டி.' எனப்படும் தெருத் தலைவரிடம் பாஸ்போர்ட்டோடு போய்ச் சொல்லுங்கள். ஜாவாத் தீவு என்றாலும் இங்கே பேச்சு சுந்தானிய மொழி. உட்கார்ந்திருப்பவர்களைக் கடந்து போகும்போது லேசாகக் குனிந்து 'புன்தென்' என்றால் 'மங்கா' என்று பதில் வரும். அந்த ஒரு சொல்லுக்கே முகம் மலரும். ஊர்த் துப்புரவு நாளில் மண்வெட்டியோடு போங்கள், பணம் கொடுத்து ஒதுங்காதீர்கள். கல்யாண வீட்டு ஒலிபெருக்கி இரவு நெடுநேரம் பாடும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். முதியவர்கள் யோசிக்க வேண்டியது வைத்தியம்: சிறு நோய்க்கு 'புஸ்கெஸ்மாஸ்' என்ற அரசு சுகாதார நிலையம் இருக்கிறது, பெரிய சிகிச்சைக்கு பண்டுங் வரை ஆறேழு மணி நேரச் சாலை.

ஜாவாவின் வடகரையில், டெமாக் பக்கம், நிலம் மிக மலிவு என்கிறார்களே? – வாசகர், திருச்சி

அங்கே சாயுங் வட்டாரத்தில் நிலம் அமிழ்கிறது, கடல் உள்ளே வருகிறது. சான்றிதழ் கையில் இருந்தாலும், நிலம் கடலுக்குள் போய் அடையாளம் தெரியாமல் ஆனால் 'அழிந்த நிலம்' என்று அறிவித்து உரிமையை ரத்து செய்ய விதி இருக்கிறது. பார்க்கப் போவதானால் பௌர்ணமி ஒட்டிய நாளில் போங்கள். தண்ணீர் ஏற ஏற, வீட்டுக்காரர்கள் மண் கொட்டித் தரையை உயர்த்திக்கொண்டே வந்திருப்பார்கள். எந்த வீட்டில் நீங்கள் தலை குனிந்து நுழைய வேண்டியிருக்கிறதோ, அங்கே நின்று தரையிலிருந்து நிலைப்படியின் மேல்கட்டை வரை அளந்து பாருங்கள்.