கேள்வி பதில்: அச்சகம் இருந்தும் செய்தித்தாள் ஏன் வரவில்லை?

நாகர்கோவிலில் 1820-லேயே அச்சகம் வந்துவிட்டது என்று படித்திருக்கிறேன். அவ்வளவு சீக்கிரம் அச்சகம் வந்த ஊரில் ஒரு செய்தித்தாளும் கூடவே வந்திருக்க வேண்டாமா?
(ஒரு வாசகர், நாகர்கோவில்)

அச்சகம் வந்தால் செய்தித்தாளும் வந்துவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வரலாறு அப்படி நடக்கவில்லை. தரங்கம்பாடியையே பாருங்கள். சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் காலத்தில், 1712-13 வாக்கில் அங்கே அச்சு இயந்திரம் வந்து, தமிழ் எழுத்தும் வார்த்து, புத்தகம் மேல் புத்தகமாகப் போட்டார்கள். இந்தியாவின் முதல் செய்தித்தாள் கல்கத்தாவில் வந்தது 1780-ல், மதராசில் வந்தது 1785-ல். நடுவே எழுபது வருடம் ஓடியிருக்கிறது. மதராசில் ஆங்கிலேயர் கைக்கு அச்சு இயந்திரம் கிடைத்ததே போரில்தான். 1761-ல் புதுச்சேரியைப் பிடித்தபோது பிரெஞ்சுக்காரர்களின் இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு வந்து, வேப்பேரியில் இருந்த ஃபப்ரிசியஸ் என்ற பாதிரியாரிடம் கொடுத்தார்கள், கம்பெனி வேலையையும் செய்து தர வேண்டும் என்ற பேச்சோடு. அதற்குப் பிறகும் இருபத்துநாலு வருடம் கழித்துத்தான் ‘மதராஸ் கூரியர்’.

அது தொடங்கியது 1785 அக்டோபர் 12, ஒரு புதன்கிழமை. நடத்திய ரிச்சர்ட் ஜான்ஸ்டன் அரசாங்கத்தின் அச்சுக்காரர். அந்தக் காலத்துக் குடியேற்றப் பத்திரிகை எதை எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே சரக்குதான்: அரசாங்க உத்தரவு, கப்பல் வந்த விவரம், போன விவரம், ஏல விளம்பரம், மாதக்கணக்கில் பழசாகிப்போன இங்கிலாந்துச் செய்தி. இதையெல்லாம் காசு கொடுத்து வாங்க ஆள் எங்கே இருப்பார்கள்? துறைமுகம் உள்ள ஊரில், எந்தக் கப்பலில் என்ன சரக்கு வந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் பிழைப்பு என்றிருக்கும் வியாபாரிகளும், வெளியூர் முகாம்களில் இருக்கும் பட்டாள அதிகாரிகளும்தான். அவர்களுக்குப் போய்ச்சேர தபால் வேண்டும். மதராஸ் அரசு முதலில் கூரியரைத் தபாலில் இலவசமாகவே அனுப்ப விட்டது, பிறகு அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. விட்டுக் கொடுத்ததும் எடுத்துக்கொண்டதும் ஒரே கைதான் என்பதைக் கவனியுங்கள், பின்னால் இது மறுபடி வரும்.

இப்போது நாகர்கோவிலுக்கு வாருங்கள். லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட் 1818-ல் இங்கே வந்து இரண்டு வருடத்தில் அச்சகத்தை நிறுவிவிட்டார். பெரிய காரியம் அது, குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அது அடித்ததெல்லாம் பள்ளிக்கூடத்துக்கும் சபைக்கும் வேண்டிய தாள்கள். விளம்பரம் கொடுக்க வியாபாரிக் கூட்டம் இல்லை. திருவிதாங்கூர் அஞ்சலோட்டக்காரர்கள் மணி கட்டிய கோலோடு ஓடினார்கள்தான், ஆனால் முதலில் சுமந்தது அரசாங்கத்துக் கடிதங்களை, பொதுமக்களுக்கு அந்தக் கதவு திறந்தது பிற்பாடு. படிக்கத் தெரிந்த தலைமுறையே அப்போதுதான் பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது. யாழ்ப்பாணத்தோடு ஒப்பிட்டால் இது தெளிவாகத் தெரியும். அங்கும் மிஷன் அச்சகம்தான். ஆனால் வட்டுக்கோட்டை செமினரி 1823-ல் தொடங்கி, தமிழும் ஆங்கிலமும் நன்றாகப் படித்த ஒரு கூட்டம் வெளியே வந்த பிறகு, 1841 ஜனவரி 7 அன்று ‘உதயதாரகை’ என்ற பத்திரிகை இரண்டு மொழியிலும் வந்தது. பத்திரிகைக்கு முன்னால் வாசகர் தயாராக இருந்தார்கள்.

அப்புறம், வேலையின் பாரத்தையும் மறக்கக் கூடாது. மணிமேடைப் பக்கம் காலால் மிதித்து ஓட்டும் ட்ரெடில் அச்சகங்களில் எழுத்துக் கோர்ப்பதைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இடது கையில் எழுத்தை அடுக்கும் ஸ்டிக், வலது கை அறை அறையாகப் போய் ஒவ்வொரு ஈய எழுத்தாக எடுத்து வரும், வரி தலைகீழாக நிற்கும், அதை அப்படியே படித்துப் பிழை திருத்துவார்கள். அச்சடித்து முடிந்தவுடன் அத்தனை எழுத்தையும் பிரித்து அதனதன் அறையில் திரும்பப் போட்டால்தான் அடுத்த பக்கத்துக்கு எழுத்து இருக்கும். இருநூறு வருடத்துக்கு முன்பு இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு: தாளை முன்கூட்டியே நனைத்து வைத்து, ஒருவர் மை தடவ, ஒருவர் கைப்பிடியை இழுக்க, மணிக்கு இருநூறு தாள் போனாலே பெரிது. அதனால்தான் ஆரம்பப் பத்திரிகைகள் பெரும்பாலும் வாரம் ஒருமுறை, நாலு பக்கம் என்று நின்றன.

ஹிக்கியின் பத்திரிகையை மூடியது அவர் கவர்னர் ஜெனரலை எதிர்த்ததாலா, அல்லது வேறு காரணம் உண்டா?
(இதழியல் மாணவி, தக்கலை)

எதிர்த்ததால்தான். ஆனால் முழுக் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள், தேர்வுக்கும் உதவும். ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி கடனில் சிக்கிச் சிறைக்குப் போன மனிதர், பிழைப்புக்காகத்தான் அச்சுத்தொழிலுக்கு வந்தார். 1780 ஜனவரி 29-ல் கல்கத்தாவில் ‘பெங்கால் கெஜட்’ தொடங்கினார், முதல் பதிலில் சொன்ன இந்தியாவின் முதல் செய்தித்தாள் அதுதான். கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸையும் தலைமை நீதிபதி இம்பேயையும் விடாமல் தாக்கினார். அதே வருடம் நவம்பரில் அவர் பத்திரிகையைத் தபாலில் எடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. (முதல் பதிலில் சொன்ன அதே தபால்.) அவர் அசரவில்லை, ஆள் வைத்து வீடு வீடாகக் கொடுத்தார். 1781-ல் சிறை, உள்ளே இருந்துகொண்டே பத்திரிகையை நடத்தினார். கடைசியில் 1782 மார்ச்சில் எழுத்துகளையே பறிமுதல் செய்தார்கள். எழுத்து போனால் என்ன செய்ய முடியும்?

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றும் இதில் உண்டு. ஹேஸ்டிங்ஸோடு சேர்ந்து ஹிக்கி மீது வழக்குப் போட்ட கியர்நாண்டர் பாதிரியார் முன்பு கடலூரில் ஊழியம் செய்தவர். போட்டிப் பத்திரிகைக்கு இவர் அச்செழுத்து விற்றார் என்று ஹிக்கி எழுதியதுதான் சண்டை. ஹிக்கியின் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் பெண்களின் சொந்த வாழ்க்கையைச் சந்திக்கு இழுத்து எழுதியதை ஏற்க முடியாது, இதழியல் படிக்கும் நீங்கள் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மதராசிலும் இதே நிலைமைதான். 1795-ல் ஹம்ஃப்ரீஸ் என்பவர் அனுமதி வாங்காமல் ‘இந்தியா ஹெரால்ட்’ நடத்தியதற்குக் கைதாகி, கப்பலேற்றி அனுப்பப்பட்டபோது தப்பிவிட்டார்.

அடிலெய்டில் இருக்கும் என் பேரன், அந்த ஊர்ப் பத்திரிகையின் முதல் இதழ் லண்டனில் அச்சானது என்கிறான். ஊர் ஆஸ்திரேலியாவில், பத்திரிகை லண்டனிலா?
(ஒரு தாத்தா, குளச்சல்)

பேரன் சரியாகத்தான் சொல்கிறார். ‘சவுத் ஆஸ்திரேலியன் கெஜட் அண்ட் கலோனியல் ரெஜிஸ்டர்’ முதல் இதழ் 1836 ஜூன் 18-ல் லண்டனில் வந்தது, அப்போது அடிலெய்டு என்ற ஊரே கிடையாது. குடியேறப் போகிறவர்களுக்கும் நிலம் வாங்கப் பணம் போடுகிறவர்களுக்கும் நம்பிக்கை வரவேண்டுமே. அச்சுக்காரர் ராபர்ட் தாமஸ் குடும்பத்தோடும் இயந்திரத்தோடும் கப்பலேறிப் போய், இரண்டாவது இதழை அடிலெய்டில் கொண்டுவந்தது 1837 ஜூன் 3-ல். ஏறத்தாழ ஒரு வருட இடைவெளி.

சிட்னி இதற்கு நேர்மாறு. 1788-ல் போன முதல் கப்பல் கூட்டத்திலேயே ஒரு மர அச்சு இயந்திரம் போயிற்று, ஓட்டத் தெரிந்த ஆள்தான் இல்லை, முதல் சில வருடம் சும்மாவே கிடந்தது. 1803 மார்ச் 5-ல் ‘சிட்னி கெஜட்’ தொடங்கியவர் ஜார்ஜ் ஹோவ், கைதியாக அனுப்பப்பட்டவர். கவர்னரின் ஆட்கள் பார்த்துச் சரி என்ற பிறகே அச்சாகும். தாள் கிடைக்காமல் மாதக்கணக்கில் நின்றும் போயிருக்கிறது. பேரனிடம் இதையும் சொல்லுங்கள்.

சிங்கப்பூரில் தமிழ்ப் பத்திரிகை எப்போது?
(ஒரு வாசகி, திருவிதாங்கோடு)

1887-ல் மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ நடத்தினார், வாரப் பத்திரிகை. அதற்கு முன்பே 1875-ல் ‘சிங்கை வர்த்தமானி’ வந்ததாகக் குறிப்பு உண்டு.

‘சுவதேசாபிமானி’ திருவிதாங்கூர் திவானை எதிர்த்த பத்திரிகை. அதை ஏன் அஞ்சுதெங்கில் தொடங்கினார்கள்?
(ஆசிரியர், களியக்காவிளை)

வக்கம் அப்துல் காதர் மௌலவி அதைத் தொடங்கியது 1905 ஜனவரி 19-ல். அஞ்சுதெங்கு பதினேழாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே ஆங்கிலேயர் கோட்டை இருந்த இடம். சுற்றிலும் திருவிதாங்கூர், ஆனால் அந்தத் துண்டு நிலத்தில் திவானின் உத்தரவு செல்லாது. பத்திரிகைக்கு அது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளைக்காரனுடைய குடியேற்றம் ஒரு சுதேசிப் பத்திரிகைக்கு இடம் கொடுத்திருக்கிறது.

பிறகு வக்கத்துக்கும், 1907-ல் திருவனந்தபுரத்துக்கும் மாறினார்கள். நம் பக்கத்து நெய்யாற்றின்கரையில் பிறந்த ராமகிருஷ்ண பிள்ளை ஆசிரியராக இருந்து திவான் ராஜகோபாலாச்சாரியைக் கடுமையாக எழுதினார். 1910 செப்டம்பர் 26-ல் அச்சகத்துக்கு சீல் வைத்து, அவரைக் கைது செய்து, திருவிதாங்கூரை விட்டே வெளியேற்றித் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். தலைநகருக்கு வந்ததால் வாசகர்களுக்கும் பக்கமாகிவிட்டார்கள், போலீசுக்கும் பக்கமாகிவிட்டார்கள். திரும்பி வர அவருக்கு அனுமதி கிடைக்கவே இல்லை, 1916-ல் கண்ணூரில் இறந்தார்.