மாமாவின் படத்தைக் கூடத்தில் மாட்டலாமா?

கேள்வி: என் தாய்மாமா மெட்ராஸ் ரெஜிமென்டில் சிப்பாய். அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனவர், 1987 அக்டோபரில் அங்கேயே இறந்துவிட்டார். வயது 22, கல்யாணமாகவில்லை. உடல் வரவில்லை, முதலில் தந்தி, பிறகு அவருடைய டிரங்குப் பெட்டி, அவ்வளவுதான். 'தமிழனைச் சுடப் போனவன்' என்று ஊரில் யாரோ சொல்லிவிட, பாட்டி அவர் படத்தைப் பீரோவுக்குள் வைத்துவிட்டார். பாட்டி காலமான பிறகும் படம் அங்கேதான் இருக்கிறது. அம்மா இன்றுவரை தீபாவளிக்குப் புதுப்புடவை கட்டுவதில்லை. கல்லூரியில் படிக்கும் என் மகன் படத்தைக் கூடத்தில் மாட்டலாம் என்கிறான். பேச்செடுத்தாலே அம்மா எழுந்து போய்விடுகிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: அன்புள்ள சகோதரி,

மாட்டுங்கள். ஆனால் உங்கள் அம்மா கையால் மாட்ட வேண்டும். அதற்கு எத்தனை மாதம் ஆனாலும் சரி.

முதலில் அந்த ஊர்ப்பேச்சு. 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதி காக்கத்தான் போகிறீர்கள் என்று சொல்லித்தான் படையை அனுப்பினார்கள். அக்டோபரில் அதுவே விடுதலைப் புலிகளுடனான போராகிவிட்டது. யாழ்ப்பாணத்துச் சனங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அந்த வருடத் தீபாவளியன்று, அக்டோபர் 21ஆம் தேதி, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் கொல்லப்பட்டார்கள். தமிழ்நாடு கொதித்ததில் தப்பே இல்லை. 1990 மார்ச்சில் கடைசிப் படைப்பிரிவு சென்னையில் வந்து இறங்கியபோது முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. அந்தப் படையில் இறந்தவர்கள் சுமார் 1,200 பேர்.

எங்கே போவது, யாரோடு சண்டை போடுவது என்பதெல்லாம் 22 வயது சிப்பாயின் கையில் இல்லை. டில்லிமேல் இருந்த கோபத்தை ஊர் உங்கள் பாட்டியின் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டது. பெற்ற பிள்ளைக்காக வாய்விட்டு அழக்கூட அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

உங்கள் மகன் அந்த வரலாற்றை முழுசாகப் படிக்கட்டும், யாழ்ப்பாணத்தார் சொல்வதையும் சேர்த்து. மாமாவை நினைக்க வேண்டும் என்பதற்காக அந்தப் போரை நியாயப்படுத்த வேண்டியதில்லை. போரே கூடாது என்கிறவரும் அவர் படத்துக்குப் பூ வைக்கலாம்.

அடுத்து, உங்கள் அம்மா. இறந்த வீரரின் உடலைச் சொந்த ஊருக்கு அனுப்புவது 1999 கார்கில் போரில்தான் வழக்கமானது. அதற்கு முன்பெல்லாம் பெரும்பாலும் அங்கேயே தகனம் செய்துவிடுவார்கள். உங்கள் அம்மா தம்பியின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது அவர் லீவு முடிந்து கிளம்பிய அன்றாகத்தான் இருக்கும். அதனால் சாவிலிருந்து பேச்சை ஆரம்பிக்காதீர்கள். மாமாவுக்கு எந்த மீன் குழம்பு பிடிக்கும், முதுநகர் ஜங்ஷனில் ரயிலேற்றிவிட யார் யார் போனீர்கள், சட்டையில் பட்டன் அறுந்தால் யாரிடம் கொண்டுவருவார் என்று கேளுங்கள். எழுந்து போனால் விட்டுவிடுங்கள், அப்புறம் ஒருநாள் கேட்கலாம். புதுப்புடவை விஷயத்தில் மட்டும் வற்புறுத்தவே வேண்டாம்.

அவர் பேச ஆரம்பித்த பிறகு பெட்டியைத் திறங்கள். முதுநகர் உப்புக்காற்றில் கீலெல்லாம் துருவேறி இறுகியிருக்கும். நெம்பாமல் எண்ணெய் விட்டு ஒருநாள் வையுங்கள். உள்ளே '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவத் தபால் முகவரி போட்ட கடிதங்கள் இருந்தால் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். பழைய தாளும் மையும் அந்தச் சூட்டைத் தாங்காது, பிறகு பிரிக்கவும் முடியாது. ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டு, கடிதத்தைக் காகித உறையில் போட்டு வையுங்கள். ராணுவ எண் அந்தக் கடிதங்களிலோ தந்தியிலோ இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள்.

செங்கம் பக்கத்து நடுகற்களில் எந்த அரசன் காலம், எந்த ஊர், யாருடைய சேவகன், எந்தச் சண்டையில் பட்டான் என்று பொறித்திருப்பார்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் அந்த மரியாதை கிடைத்தது. மாமாவின் படத்துக்குக் கீழேயும் அப்படி எழுதுங்கள்: பெயர், அப்பா பெயர், ஊர், ராணுவ எண், பிறந்த தேதி, இறந்த இடம், நாள். அடைமொழி எதுவும் வேண்டாம்.

இன்னொன்று. டில்லியில் 2019 பிப்ரவரியில் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில், இலங்கையில் இறந்தவர்களின் பெயர்களையும் கல்லில் பொறித்திருக்கிறார்கள். அதன் இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதியிருப்பார்கள், இனிஷியலும் இடம் மாறியிருக்கும். ராணுவ எண்ணை வைத்துச் சரிபாருங்கள். கிடைக்காவிட்டால் நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆவண அலுவலகத்துக்கு எழுதுங்கள். கடிதம் எழுதுவதில் சந்தேகம் இருந்தால் கடலூரில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். அம்மாவை டில்லிக்கு அழைத்துப் போவதானால் மாசி கடைசியில் போங்கள். மார்கழி, தை மாதக் குளிர் அவர் வயதுக்கு ஒத்துக்கொள்ளாது.