ஒரே பிராஸ் குழு கிளாசிக்கல், ஜாஸ், பாப் மூணையும் எப்படி வாசிக்குது?

வயலின், டிரம்ஸ் எதுவும் இல்லாம வெறும் அஞ்சு பித்தளை வாத்தியத்த வச்சு ஒரே கச்சேரியில இத்தனை வகையும் எப்படின்னு கேட்டிருக்கீங்க. ரெண்டு டிரம்பெட், ஒரு பிரெஞ்ச் ஹார்ன், ஒரு டிராம்போன், ஆழமான கீழ் சுரம் தர்ற ஒரு டியூபா, இதான் வழக்கமான செட், 1970ல டொராண்டோல ஆரம்பிச்ச கனடியன் பிராஸ் குழு இந்த மாதிரி கலந்து வாசிக்கறத ரொம்பவே பிரபலமாக்குச்சு.

கிளாசிக்கல்னா நிறைய குழுக்கள் 400 வருஷம் முன்னாடி வெனிஸ்ல கேப்ரியெலிங்கற இசையமைப்பாளர் எழுதினத எடுப்பாங்க, ஒரு பக்கம் ஊத மறுபக்கத்துலேர்ந்து பதில் வரும், ஒவ்வொரு சுரமும் சுத்தமா நேரா நிக்கணும். ஜாஸ் வந்ததும் அதே ஆளுங்க அதே வாத்தியத்துல நடையையே மாத்திடுவாங்க, சமமா எழுதியிருக்கற ரெண்டு சுரத்துல முதல் சுரத்த கொஞ்சம் நீட்டி அடுத்தத குறுக்கினா ஸ்விங்னு சொல்ற அந்த ஜாஸ் ஆட்டம் வந்துடும், டிரம்பெட்டோட சத்தம் வெளிய வர்ற அகலமான முனையில ரப்பர் பிளஞ்சர (கிண்ணம் மாதிரி இருக்கற மூடி) வச்சு மூடி மூடித் திறந்தா மனுஷன் பேசற மாதிரியே இருக்கும். பாப் பாட்டுல டியூபாதான் பேஸ் கிட்டார் வேலைய செய்யும், மூச்சு விடவே இடம் கிடைக்காது, என்னைக் கேட்டா அத வாசிக்கறவர்தான் ஹீரோ.

இன்னொண்ணு, சத்தம் வர்றதே உதடு அதிர்றதாலதான், அது சீக்கிரம் களைச்சுடும், அதனால ஹை நோட் நிறைய இருக்கற பாட்ட அடுத்தடுத்து வைக்க மாட்டாங்க, நடுவுல மைக் புடிச்சு பேசறதும் உதட்டுக்கு ஓய்வு குடுக்கும்.