மகனைப் பற்றி இரண்டே வரிதான் எழுதியிருக்கிறீர்கள்

ஐயா, வணக்கம். பிள்ளைகள் இருவரின் படிப்பையும் வேலையையும் பற்றிக் கேட்ட உங்கள் கடிதம் கிடைத்தது. பி.காம். முதலாண்டில் சேர்ந்திருக்கும் மகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். தனியார் ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) ஃபிட்டர் பிரிவில் சேர்ந்த மகனைப் பற்றி இரண்டே வரி. அதுவும் "மார்க் இல்லை, அங்கே போட்டுவிட்டோம்" என்று. அதனால் அவனிடமிருந்தே தொடங்குகிறேன்.

முதல் சில மாதம் அவன் வீட்டுக்கு வந்து புலம்புவான். இரும்புத் துண்டை வைஸ் என்கிற பிடிகருவியில் இறுக்கி, அரத்தைக் கொடுத்து, ராவு ராவு என்பார்கள். கை கொப்பளிக்கும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் இடுக்கில் ஒளி தெரியும், இன்னும் மட்டமாகவில்லை என்று அர்த்தம். மறுபடி ராவச் சொல்வார்கள். "மெஷின் இருக்கும்போது இது எதற்கு?" என்று அவன் கேட்டால் நீங்களும் சேர்ந்து தலையாட்டாதீர்கள். எவ்வளவு தள்ளினால் எவ்வளவு தேயும் என்பது கைக்குத் தெரிவது அந்த மாதங்களில்தான்.

ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சூப்பர்வைசர் கேள்வியே கேட்கவில்லை. ஒரு ஷாஃப்டையும் (உருளைத் தண்டு) வெர்னியரையும் (நுண்ணளவு பார்க்கும் கருவி) மேசைமேல் வைத்து, "அளந்து சொல்" என்றார். வந்த பையன்களில் பலர் உடனே ஷாஃப்டைக் கவ்வினார்கள். ஒருவன் மட்டும் முதலில் வெர்னியரின் தாடைகளை மூடி, சைபர் சைபரில் நிற்கிறதா என்று பார்த்தான். அவர் முகம் அப்போதே மாறிவிட்டது. 0.02 மில்லிமீட்டர் வரை காட்டும் கருவி. சைபரே தள்ளியிருந்தால் அளந்து என்ன பயன்? அந்தப் பழக்கத்தைக் கடைசி மாதத்தில் ஊட்ட முடியாது. தினமும் ஒர்க்‌ஷாப்பில் செய்த வேலைத்துண்டின் அளவுகளையும், எங்கே தப்பினது என்பதையும் தனி நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

வருகைப்பதிவு 80 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள். கல்யாணம், திருவிழா என்று நீங்களே லீவு போட வைக்காதீர்கள். அப்புறம் இன்னொன்று, சின்ன விஷயம்தான், ஆனால் நான் அதிகம் பார்க்கும் தலைவலி இது: பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், பாங்க் பாஸ்புக் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா? ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயர் முழுசாக என்றிருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். அப்ரண்டிஸ், அதாவது தொழிற்சாலையில் பழகுநர் பயிற்சி, அதற்கான விண்ணப்பம் வரும் நேரத்தில் ஓடிப் பயனில்லை.

அந்த அப்ரண்டிஸைத்தான் இரண்டு வருடமும் குறிவைக்க வேண்டும். பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை, திருச்சி பெல் (பிஎச்இஎல்) போன்ற இடங்களில் எடுக்கிறார்கள். அம்பத்தூர், ஓசூர், கோவைத் தொழிற்சாலைகளிலும் உண்டு. மாதம் உதவித்தொகை வரும், முடித்தால் தேசிய அளவில் செல்லும் சான்றிதழ் கிடைக்கும். ரயில்வேயில் பெரும்பாலும் மதிப்பெண் பட்டியலை வைத்தே எடுப்பதால், ஐடிஐ மார்க்கை லேசாக நினைக்க வேண்டாம். மேலே படிக்க ஆசை வந்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். கதவு எதுவும் மூடிவிடவில்லை.

சரி, மகள். நாற்பதாயிரம் கட்டினால் 'வேலை உத்தரவாதம்' என்கிற கோர்ஸைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மூன்று வருடம் கழித்துக் கிடைக்கும் வேலைக்கு இன்று யார் உத்தரவாதம் தர முடியும்? டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துவிடுங்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதலில் லோயர் (இளநிலை), பிறகு ஹையர் (முதுநிலை). வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு நடக்கிறது, டிகிரி முடிவதற்குள் நிதானமாக முடித்துவிடலாம். டிஎன்பிஎஸ்சி தட்டச்சர் பணிக்கு இரண்டிலும் ஹையர் உள்ளவர்களுக்குத்தான் முன்னுரிமை.

முதல் கோடை விடுமுறையில் தெரிந்த ஆடிட்டர் ஆபீஸ் எதிலாவது ஒரு மாதம் உட்கார வையுங்கள். சம்பளம் கேட்க வேண்டாம். டேலி என்கிற கணக்கு மென்பொருளில் பில் ஏற்றட்டும். 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் நெருங்கும்போது ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட அந்த ஆபீஸ் படும் பாட்டைக் கண்ணால் பார்த்தவளுக்கு, வகுப்பில் நடத்தும் கணக்குப் பதிவியல் வேறு மாதிரி புரியும். குரூப் 4 பயிற்சி மையத்துக்கு முதலாண்டிலேயே அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. தினசரி ஒன்றைப் படிக்கட்டும், பள்ளித் தமிழ்ப் புத்தகங்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கட்டும். இப்போதைக்கு அது போதும். அரியர் மட்டும் விழக்கூடாது.

மிச்சமாகும் அந்தப் பணத்தில் முதலில் மகனுக்கு ஒரு சேஃப்டி ஷூ வாங்கிக் கொடுங்கள். ஒர்க்‌ஷாப்புக்குச் செருப்போடு போகிறான் என்று நீங்கள் எழுதிய இரண்டாவது வரி எனக்குப் பிடிக்கவில்லை.